மறு: கம்பேட்டிபிலிட்டி – இணக்கமா, ஏற்பா?

வணக்கம் நண்பர்களே,

வீட்டு ஒலி-ஒளிக் கருவிகளின் கையேட்டில் ‘கம்பேட்டிபிள்’ (சிடி, டிவிடி போன்ற வட்டோ, ஒரு கோப்போ இந்தக் கருவியில் ஓடும் என்பதைச் சொல்லும் சொல்) என்று வரும் இடங்களுக்கு என்ன போடலாம் என்ற இந்த இழையை முழுக்கப் படித்தேன். இதுவரை இணக்கம், பொருத்தம், ஒத்திசைவு, ஒத்தியல்பு என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஒத்திசைவை முதலிலேயே விலக்கிவிடலாம். படமும் ஒலியும் ஒரே நேரத்தில் சேர்ந்து வருவதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடைவெளி விழுந்தால் எப்படிச் சரிசெய்வது என்று இதே கையேட்டில் ஒரு பகுதி வரும். அங்கே அந்தச் சொல் கட்டாயம் வேண்டும்.

இணக்கத்துக்குத்தான் ஆதரவு அதிகம். நல்ல சொல், மென்பொருள் பக்கத்தில் வேரும் பிடித்துவிட்டது. ஆனால் இந்த இடத்துக்கு அது எனக்கு ஒப்பவில்லை. இணங்குவது என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். வட்டு அப்படி எதுவும் செய்வதில்லை. அதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது முழுக்க ப்ளேயரின் கையில் இருக்கிறது. பேச்சில் நாம் என்ன சொல்கிறோம் என்று பாருங்கள்: “இந்த ப்ளேயர் எம்பி3 எடுக்கும்”, “பென்டிரைவ் எடுக்கவே மாட்டேங்குது”. எடுப்பது எப்போதும் கருவிதான். அந்த வழக்கை ஒட்டி நான் முன்வைக்கும் சொல் ஏற்பு. ஏற்கும், ஏற்காது, ஏற்கும் வட்டுகள், ஏற்கும் கோப்பு வடிவங்கள் என்று எந்த வாக்கியத்திலும் வளைத்து எழுதலாம். ‘இணக்கத்தன்மை கொண்டதாக இல்லை’ என்று நீட்டி முழக்கத் தேவையில்லை.

> ஏற்பு என்றால் ஒப்புதல் என்ற பொருள் வந்துவிடாதா?

தனியே நின்றால் வரும்தான். ‘இந்தக் கருவி டிவிடி-ஆர் வட்டை ஏற்கும்’ என்ற வாக்கியத்தில் யாருக்கும் அந்த ஐயம் வராது. தலைப்பில் வரும்போது வட்டு ஏற்பு என்று சேர்த்தே எழுதிவிடலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆங்கிலக் கையேடுகள் ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நிலைகளைப் போட்டு மூடிவிடுகின்றன. நாமும் ஒரே சொல்லை வைத்து மொழிபெயர்த்தால், எங்கே தடை என்று வாசகருக்குக் கடைசிவரை தெரியாது.

முதல் நிலை, வட்டையே படிக்க முடிகிறதா என்பது. இது முழுக்க இயற்பியல். சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, புளூரேவுக்கு 405. தொடக்ககால டிவிடி ப்ளேயர்கள் சில, அச்சிட்டு வந்த பாட்டு சிடியை ஒழுங்காகப் படித்துவிட்டு, அதே பாட்டைப் பதிந்த சிடி-ஆரை (ஒருமுறை மட்டும் பதியக்கூடிய சிடி) தள்ளிவிட்டன. சிடி-ஆரில் உள்ள சாயம் 650 நானோமீட்டர் ஒளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. சிடிக்கென்று தனி லேசர் வைத்த பிறகுதான் அது தீர்ந்தது. அழித்துப் பதியக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ இன்னும் மங்கலாக ஒளியைத் திருப்பும் என்பதால் பழைய சிடி ப்ளேயர்கள் பலவற்றுக்கு அது கண்ணிலேயே படாது. வட்டில் என்ன பதிந்திருக்கிறோம் என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இதற்கு வட்டு ஏற்பு.

இரண்டாவது, வட்டையோ பென்டிரைவையோ படித்த பிறகு உள்ளே இருக்கும் கோப்புகள் கருவிக்குத் தெரிகின்றனவா என்பது. கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளான கோப்பமைப்புகள், அதாவது வட்டில் ஐஎஸ்ஓ 9660, யூடிஎஃப், பென்டிரைவில் ஃபேட்32, எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் எல்லாம் இங்கே வரும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரிய படத்தை ஏற்றுவதற்காக என்டிஎஃப்எஸ்-க்கு மாற்றினால், அதை அறியாத ப்ளேயர் ‘கோப்பு எதுவும் இல்லை’ என்று சொல்லிவிடும். கோப்பு அங்கேதான் இருக்கும். இதற்குக் கோப்பமைப்பு ஏற்பு என்று வைக்கலாம்.

மூன்றாவதில்தான் வாசகர் அதிகம் தவிக்கிறார். கோப்பின் பெயர் திரையில் தெரிகிறது, தேர்ந்தெடுத்தால் ஓடவில்லை. படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கட்டும் கொள்கலன் ஒன்று, அவற்றைச் சுருக்கிப் பதியும் முறையான, உள்ளே இருக்கும் குறிமுறை வேறு என்பதைத் தமிழில் யாராவது தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஏவிஐ, எம்கேவி, எம்பி4 எல்லாம் கொள்கலன்கள். எம்பெக்-2, எக்ஸ்விட் உருவாக்கும் எம்பெக்-4, 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 ஆகியவை உள்ளே இருக்கும் குறிமுறைகள். ‘எம்கேவி ஏற்கும்’ என்று பெட்டியின் மேல் போட்டிருந்தால் அது பாதிச் செய்திதான். எம்கேவிக்குள் டிடிஎஸ் என்ற குறிமுறையில் ஒலி இருந்து, டிவி அதை ஏற்காவிட்டால் படம் அழகாக ஓடும், ஒலி மட்டும் வராது. குறிமுறையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அதன் உட்பிரிவு இடறலாம்: ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் வைக்கும் எச்.264-ஐ ஓட்டும் கருவிகள் பல 10 பிட்டில் நின்றுவிடும்.

குறிமுறை என்பது நிரல் எழுதுவதற்கும் புழங்குகிறதே என்ற தயக்கம் நியாயமானது. படக் குறிமுறை, ஒலிக் குறிமுறை என்று முன்னொட்டோடு எழுதினால் குழப்பம் போகும். இங்கே ஒளிக் குறிமுறை வேண்டாம் என்று அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன். சிறிய எழுத்தில் அச்சடிக்கும் அட்டவணையில் ஒலியும் ஒளியும் அடுத்தடுத்து நின்றால் கண் தடுமாறும். ஒருவர் படித்துச் சொல்ல இன்னொருவர் கேட்டால் அதைவிட மோசம். கோடெக் என்பதை, குறிமுறையைக் கையாளும் மென்பொருளுக்கோ சில்லுக்கோ அப்படியே விட்டுவிடலாம்.

கொள்கலனுக்குப் பதிலாக உறை என்று ஒருவர் எழுதியிருந்தார். சிறிய சொல், எனக்கும் பிடித்தது. ஆனால் ஓடும் படம் அப்படியே நின்றுவிட்டால் ‘உறைந்துவிட்டது’ என்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டும் வரும், அதனால் கொள்கலனே இருக்கட்டும். இடம் இல்லாத அட்டவணையில் எம்கேவி கலன் என்று சுருக்கினாலும் புரியும்.

அப்புறம் ‘ஃபைனலைஸ்’, அதாவது பதிந்து முடித்த வட்டை மற்ற கருவிகளும் படிக்கும்படி ஆயத்தமாக்குவது. ரெக்கார்டரில் பதிந்த டிவிடி-ஆர் வேறு ப்ளேயரில் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதைச் செய்யாததுதான் காரணம் என்பதால் நல்ல சொல் அவசியம். ‘மூடு’ என்று வைத்தால் வட்டுத் தட்டை மூடச் சொல்வதாக நினைத்துவிடுவார்கள். ‘நிறைவாக்கு’ என்றால் வட்டில் இடம் தீர்ந்துவிட்டதோ என்று தோன்றும். ‘இறுதியாக்கு’ பரவாயில்லை, ஆனால் பல ரெக்கார்டர்களில் டிவிடி-ஆர்டபிள்யூ வட்டை மறுபடி திறந்து பதியும் வசதி உண்டு. இறுதியாக்கியதை எப்படித் திரும்பப் பெறுவது? முத்திரையிடு என்று வைத்தால் எதிர்ச்சொல் தானாகக் கிடைக்கிறது: முத்திரையை நீக்கு. ‘முத்திரையிடாத வட்டை மற்ற கருவிகள் ஏற்காமல் போகலாம்’ என்ற எச்சரிக்கையும் இயல்பாக வந்து விழுகிறது. இழையில் மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், எனக்கு இதில் உறுதியான விருப்பம் இருக்கிறது.

வட்டா தகடா என்ற பழைய விவாதத்தை மறுபடி கிளற வேண்டாம். குறுந்தகடு என்போரும் இறுவட்டு என்போரும் வட்டு என்றால் புரிந்துகொள்வார்கள்.

கடைசியாக மண்டலக் குறி, அதாவது ஒரு டிவிடி உலகின் எந்தப் பகுதிக் கருவிகளில் ஓடலாம் என்று வரையறுக்கும் எண். இதையும் ஏற்பு அட்டவணைக்குள்ளேயே தள்ளிவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. எனக்கு உடன்பாடில்லை. மண்டலம் 1-க்கான டிவிடியை மண்டலம் 2-க்கான ப்ளேயரில் போட்டால் லேசர் படிக்கிறது, எம்பெக்-2-ஐ ஓட்டும் திறனும் இருக்கிறது. ஓட்டக்கூடாது என்ற கட்டளைதான் தடுக்கிறது. இங்கே ‘ஏற்காது’ என்று எழுதினால், தன் வட்டிலோ கருவியிலோ பழுது என்று வாசகர் நினைப்பார். ‘மறுக்கும்’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். நகல் தடுப்புள்ள வட்டுகளுக்கும் இதே வினை சரிவருமா என்று, கையேடு மொழிபெயர்த்துப் பழகியவர்கள் சில வாக்கியங்களில் போட்டுப் பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.