நியூட்டன் வளையம்: நடுவில் மஞ்சள் புள்ளி, ஆரமும் குறைவாக வருகிறது

பிஎஸ்சி_லேப்:
தட்டைக் கண்ணாடி மேல் குவிலென்ஸை வைத்து, இடையிலுள்ள காற்றுப்படலத்தால் தெரியும் வளையங்களை மைக்ரோஸ்கோப்பில் அளந்து, சோடியம் விளக்கில் லென்ஸின் வளைவு ஆரம் கண்டுபிடிக்க வேண்டும். வளையங்கள் நன்றாகத் தெரிகின்றன, ஆனால் நடுவில் கரும்புள்ளிக்குப் பதில் மஞ்சள் புள்ளி. 10ஆவது கருவளையத்தின் விட்டம் 4.74 மி.மீ., 20ஆவது 6.78 மி.மீ. அலைநீளம் 589.3 நானோமீட்டர் என்று போட்டால் முதலாவதில் ஆரம் 95.3 செ.மீ., அடுத்ததில் 97.5. ஸ்பெரோமீட்டரில் (வளைவை அளக்கும் மூன்று கால் திருகுக் கருவி, கால் இடைவெளி 4 செ.மீ.) 98.8. எதை எழுதுவது? லென்ஸை மாற்றணுமா?

ஒளிவட்டம்:
லென்ஸில் கோளாறு இல்லை. ஒற்றை வளையத்தை வைத்து ஆரம் போடக் கூடாது. லென்ஸும் கண்ணாடியும் தொடவில்லை என்றால் எல்லா வளையத்தின் விட்ட வர்க்கமும் ஒரே அளவு குறையும். 20ஆவதன் விட்ட வர்க்கத்திலிருந்து 10ஆவதன் வர்க்கத்தைக் கழித்தால் அந்தக் குறை போய்விடும். 45.97 − 22.47 = 23.50 சதுர மி.மீ. இதை 4 × 10 (வளைய எண்களின் வித்தியாசம்) × 0.0005893 (மி.மீ.யில் அலைநீளம்) ஆல் வகுத்தால் 997 மி.மீ., அதாவது 99.7 செ.மீ. இதுதான் விடை.

மஞ்சள் புள்ளிக்குக் காரணம் தூசி அல்லது விரல் எண்ணெய். சுத்தமாகத் தொட்டால் நடுவில் காற்றுப்படலம் இல்லாததுபோலத்தான். ஆனாலும் கீழ்க்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிர் மட்டும் அரை அலை தலைகீழாவதால், அதுவும் லென்ஸின் அடிப்பரப்பில் திரும்பும் கதிரும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கறுப்பாகும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட லென்ஸ் தாளால் ஒரே திசையில் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் மண் துகள் கீறிவிடும். திரும்ப வைக்கும்போது லென்ஸின் குவிந்த பக்கம் கீழே.

காற்றுப்படலம்:
கூடவே ஒன்று: உங்கள் எண்களில் விடுபடும் 1.03 சதுர மி.மீ.யை (23.50 − 22.47) லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியாக மாற்றினால் சுமார் 0.13 மைக்ரான். அதை அப்படியே தூசியின் உயரம் என்று ரெக்கார்டில் எழுதிவிடாதீர்கள். அரை அலைநீளத்தின் (0.295 மைக்ரான்) எத்தனை மடங்கு அதனுடன் கூடியிருந்தாலும் நடுப்புள்ளி இதே மாதிரிதான் தெரியும்.

கிராஸ் வயர் (மைக்ரோஸ்கோப்பில் தெரியும் குறுக்குக் கம்பி) மையம் வழியாகப் போகாமல் அரை மி.மீ. தள்ளிப் போயிருந்தாலும் இதே அளவு குறையும், ஏனென்றால் அப்போது அளப்பது விட்டம் அல்ல, நாண். நல்லவேளையாக நாண்களின் வர்க்க வித்தியாசமும் அதேதான்.

ஸ்பெரோமீட்டரை இந்த விஷயத்தில் நீதிபதியாக்க வேண்டாம். 4 செ.மீ. காலுக்கு லென்ஸின் எழுச்சி வெறும் 0.27 மி.மீ.; கருவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. ஒரு பிரிவு குறைத்துப் படித்தால் 102.6, கூட்டிப் படித்தால் 95.2.

பிஎஸ்சி_லேப்:
துடைத்தாயிற்று, நன்றி. இப்போது நடு கறுப்பாகிவிட்டது, ஆனால் புள்ளி ரொம்பப் பெரிது, வளையங்கள் முட்டை வடிவம்.

ஒளிவட்டம்:
சட்டத்தின் மூன்று திருகையும் அழுத்தி இறுக்கியிருக்கிறீர்கள். லென்ஸ் நடுவில் தட்டையாகிறது. மூன்றையும் முழுக்கத் தளர்த்தி, லென்ஸ் ஆடாமல் நிற்கும் அளவு மட்டும் சமமாகத் திருகுங்கள். பார்த்துக்கொண்டே திருகினால் மையம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும்.

அளக்கும்போது 5ஆவது வளையத்துக்கு உள்ளே போக வேண்டாம். அங்கே கருப்பட்டை அகலம், கிராஸ் வயரை நடுவில் வைப்பது குத்துமதிப்புதான். இடது 20இல் தொடங்கி வலது 20 வரை ஒரே திசையில் போங்கள். மைக்ரோமீட்டர் டிரம் உள்ள மைக்ரோஸ்கோப் என்றால் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் பேக்லாஷ் (திருகின் தளர்வால் வரும் பிழை) அப்படியே அளவில் ஏறும். வெர்னியர் வகையில் அந்தத் தொல்லை இல்லை. 5–15, 6–16, 7–17 என்று ஜோடி சேர்த்துச் சராசரி எடுங்கள், அல்லது வர்க்கத்தை வளைய எண்ணுக்கு எதிராக வரைந்து சாய்வைப் படியுங்கள். 15ஆவது புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகினால் அந்த அளவைப் படித்ததில் தவறு; அதிலிருந்து எல்லாப் புள்ளியும் விலகினால் வளையத்தை எண்ணுவதில் ஒன்று தவறியிருக்கிறது.