சும்மா இருக்கும் மானிட்டரை டிவியாக்கலாமா?

திரி தொடங்கியவர்: 24 இன்ச் ஃபுல் எச்டி ஐபிஎஸ் மானிட்டர் ஒண்ணு சும்மா இருக்கு. ஒரு எச்டிஎம்ஐ, ஒரு விஜிஏ, ஹெட்ஃபோன் ஜாக் உண்டு, ஸ்பீக்கர் இல்ல. கேபிள் செட்டாப் பாக்ஸும் ஃபயர் டிவி ஸ்டிக்கும் மாட்டி இதையே டிவியா வெச்சுக்கலாமா, 32 இன்ச் டிவி வாங்கிடலாமா?

கம்பிவடம்: தாராளமா வெச்சுக்கலாம். மானிட்டர்ல ட்யூனர் (சேனலைப் பிடிக்கிற பாகம்) இல்லாட்டி என்ன, சேனலைப் பிரிக்கிறது பாக்ஸ்தானே. பாக்ஸ்ல எச்டிஎம்ஐ இருந்தா நேரா மாட்டுங்க. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி மட்டும்னா ஏவி டு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வேணும், அதுக்கு 5 வோல்ட் யூஎஸ்பி சப்ளையும் வேணும். எச்டிஎம்ஐ டு ஏவின்னு இன்னொண்ணு அச்சா இதே மாதிரி இருக்கும். அது எதிர்த்திசை, மாத்தி வாங்கிடாதீங்க. ரெண்டு கருவிக்கு ஒரே போர்ட்ங்கறதால எச்டிஎம்ஐ ஸ்விட்ச் ஒண்ணும் சேர்த்துக்குங்க.

நடுக்கூடம்: கேபிளுக்கு இது சரிவராது. ஏவி வழியா வர்றது 576 வரிப் படம். அதுலயும் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறித்தான் வரும். டிவிக்குள்ள இருக்கற சிப் அதைக் கோத்துக் கொடுக்கும். மலிவு கன்வெர்ட்டர் சரியா கோக்காது, கீழே ஓடற செய்தி எழுத்து சீப்புப் பல் மாதிரி கிழியும். இன்னொண்ணு, நம்ம ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 படம், கன்வெர்ட்டர் பெரும்பாலும் 60ல தள்ளும். நொடிக்கு 10 படம் ரெண்டு தடவை வரும். கிரிக்கெட்ல பந்து உருள்றப்ப அந்தத் திக்கல் கண்ணை உறுத்தும்.

கம்பிவடம்: ஏவி பத்தி நீங்க சொல்றது முழுக்க சரி, அந்தத் திக்கலுக்கு வைத்தியம் இல்ல. எச்டி பாக்ஸ்னா கதை வேற. மானிட்டர்ல 'அவுட் ஆஃப் ரேஞ்ச்'னு வந்தா பெரும்பாலும் 1080ஐ, அதாவது வரிகள் மாறி மாறி வர்ற எச்டி படம்தான் காரணம். வேற ஒரு டிவியில பாக்ஸை மாட்டி, அவுட்புட்டை எல்லா வரியும் ஒண்ணா வர்ற 720பி இல்லாட்டி 1080பி ஆக்கிட்டு அப்புறம் மானிட்டருக்குக் கொண்டு வாங்க. மானிட்டர் மெனுவுல தகவல் பக்கத்துல 50 ஹெர்ட்ஸ்னு காட்டுச்சுன்னா அந்தத் திக்கல் இருக்காது.

ஒலிவாங்கி: படத்தைப் பத்தியே பேசறீங்க, பலர் மாட்டிக்கறது சத்தத்துலதான். மானிட்டர் பெரும்பாலும் ரெண்டு சேனல் பிசிஎம், அதாவது சுருக்காத சாதா ஸ்டீரியோ சத்தம் மட்டும்தான் வாங்கும். ஸ்டிக் டால்பிங்கற சுருக்கின சரவுண்ட் சத்தத்தை அனுப்பினா படம் வரும், சத்தம் வராது. செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், ஆடியோ, சரவுண்ட் சவுண்ட் போய் பிசிஎம் வைங்க. ஹெட்ஃபோன் ஜாக்ல பவர் உள்ள ஸ்பீக்கரை மாட்டுங்க, சாதா ஸ்பீக்கரை அந்த ஜாக்கால ஓட்ட முடியாது. பாக்ஸுக்கு மட்டும்னா அதோட வெள்ளை, சிவப்பு பின்லேர்ந்தே ஸ்பீக்கருக்கு ஒயர் இழுக்கலாம்.

நடுக்கூடம்: ஸ்டிக்கோட ரிமோட்டால மானிட்டரை அணைக்க முடியாது, சத்தத்தையும் ஏத்த முடியாது. மானிட்டர்ல ரிமோட் சிக்னலை வாங்கற ஐஆரும் இல்ல, எச்டிஎம்ஐ ஒயர் வழியா கட்டளை வாங்கற சிஇசியும் இல்ல. வீட்டுல வயசானவங்க இருந்தா ஒவ்வொரு தடவையும் விளிம்புக்குக் கீழே பட்டனைத் தடவணும். திரையும் 53 செ.மீ. அகலம்தான். சினிமா மாதிரி திரை கண்ணுக்கு 30 டிகிரி அகலமா தெரிய ஒரு மீட்டர் தூரத்துல உட்காரணும். 10 அடி கூடத்துல சப்டைட்டிலே படிக்க முடியாது.

கம்பிவடம்: கூடத்துக்கு நானும் சொல்லல. ஒருத்தர் படுக்கை பக்கத்துல, மேஜையில பார்க்கறதுக்குத்தான் சொல்றேன். 32 இன்ச்ல மலிவா கிடைக்கற டிவி பலதும் 1366×768. ஒரு மீட்டர்லேர்ந்து பார்த்தா உங்க மானிட்டர்தான் தெளிவு.

ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஸ்டிக்குக்கு 5 வோல்ட் 1 ஆம்ப் வேணும், கூட வந்த அடாப்டரையே போடுங்க. மானிட்டர்ல யூஎஸ்பி 2.0 போர்ட் இருந்தாலும் அது அரை ஆம்ப்தான் தரும், படம் ஓடிட்டிருக்கும்போதே ரீஸ்டார்ட் ஆகும். கருப்பு சாம்பலா வெளுத்துத் தெரிஞ்சா பேனல் மேல பழி போடாதீங்க. கருப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் பாக்ஸ் அனுப்பற எண் 16லேர்ந்து 235 வரை, மானிட்டர் 0லேர்ந்து 255ன்னு எடுத்துக்குது. மெனுவுல ஆர்ஜிபி ரேஞ்ச் இல்லாட்டி பிளாக் லெவல்னு இருக்கறதை லிமிடெட் ஆக்குங்க.