பாராமீட்டருக்கும் ஆர்க்யுமென்ட்டுக்கும்: ஏற்புமாறி, இடுமதிப்பு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

சி என்னும் நிரல்மொழியில் ஃபங்ஷன் (பெயரிட்டு அழைக்கக்கூடிய நிரல் பகுதி) என்பதற்குக் கணிதத்தின் 'சார்பு' வேண்டாம், 'செயற்கூறு' என்ற சொல்லே போதும் என்பது என் கருத்து. கணிதத்தின் 'சார்பு' ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தருவது. சி மொழியிலோ எந்த மதிப்பையும் திருப்பாமல் ஒரு வேலையை மட்டும் செய்து முடிக்கும் வாய்ட் வகைச் செயற்கூறுகளும் உண்டு. ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிட்டு, மாணவர்கள் உண்மையில் தடுமாறும் இடத்துக்கு வருகிறேன்.

செயற்கூற்றின் வரையறையில் வரும் பாராமீட்டருக்கு 'அளபுரு' என்றும் அதை அழைக்கும்போது கொடுக்கும் ஆர்க்யுமென்ட்டுக்குச் 'செயலுருபு' என்றும் எழுதி வருகிறோம். இரண்டும் ஒலியில் நெருங்கி நிற்பதால் எது எது என்று மனத்தில் நிற்பதில்லை. 'உருபு' என்றவுடன் தமிழ் படித்தவருக்கு வேற்றுமை உருபுதான் நினைவுக்கு வரும். 'அளபுரு'வில் உள்ள அளவு என்னும் பொருளுக்கும் இங்கே வேலையில்லை.

நிரலில் நடப்பதைப் பார்ப்போம். 'பரப்பு' என்ற செயற்கூற்றை வரையறுக்கும்போது அடைப்புக்குறிக்குள் 'இன்ட் நீளம், இன்ட் அகலம்' என்று எழுதுகிறோம் (இன்ட் என்பது முழு எண் வகை). இவை இரண்டும் அந்தச் செயற்கூற்றுக்கே உரிய மாறிகள். அது அழைக்கப்படும்போது பிறந்து, முடியும்போது மறைபவை. சி மொழியின் 1989-ஆம் ஆண்டுத் தரப்பாட்டுக்கு (ஸ்டாண்டர்டு) முந்தைய பழைய நடையில், அடைப்புக்குறிக்குள் பெயரை மட்டும் எழுதி, வகையைக் கீழே மாறி அறிவிப்பைப் போலவே தனி வரியில் எழுதினார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஆகவே மதிப்பை ஏற்கும் மாறி என்ற பொருளில் 'ஏற்புமாறி' என்பதை முன்மொழிகிறேன்.

அதே செயற்கூற்றை 8 என்றும் 5+1 என்றும் கொடுத்து அழைத்தால், 5+1 முதலில் கணக்கிடப்பட்டு, 6 என்ற மதிப்பே 'அகலம்' என்ற மாறியில் படியெடுக்கப்படுகிறது. இப்படி அழைப்பில் கொடுக்கும் ஆர்க்யுமென்ட்டுக்குத் 'தருமதிப்பு' என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் செயற்கூறு திருப்பித் தரும் மதிப்போடு அது குழம்பிவிடும். 'இடுபொருள்' என்ற வினைத்தொகை வழக்கில் இருக்கும்போது அதே வார்ப்பில் 'இடுமதிப்பு' இயல்பாகவே அமைகிறது.

தரப்பாட்டின்படி ஆர்க்யுமென்ட் என்பது அழைப்பில் எழுதப்படும் கோவைதானே (5+1 போன்ற எக்ஸ்பிரஷன்), மதிப்பு அன்றே என்று ஒருவர் மறுக்கலாம். அது சரியான மறுப்பே. ஆயினும் சி மொழியில் உள்ளே போய்ச் சேருவது கோவையின் மதிப்பு மட்டுமே என்பதைத்தான் கற்பவர் முதலில் உணர வேண்டியிருக்கிறது. 'வயது' என்ற மாறியில் 21 இருக்க, அதை இட்டு ஒரு செயற்கூற்றை அழைத்து, உள்ளே ஏற்புமாறியை இருமடங்காக்கினால் 'வயது' 21-ஆகவே நிற்கும். ஏன் மாறவில்லை என்று கேட்கும் மாணவருக்கு, இட்டது மதிப்பு, மாறியது ஏற்புமாறி என்று ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம்.

அணியை (ஒரே வகை மதிப்புகளின் வரிசை, அர்ரே) இட்டால் மட்டும் மூல அணியே மாறுகிறதே என்றால், அங்கே இடுமதிப்பு அணியின் முதல் உறுப்பின் முகவரி. ஏற்புமாறி ஒரு சுட்டு, அதாவது முகவரியை வைத்திருக்கும் மாறி. அந்த முகவரியும் படியெடுத்தே தரப்படுகிறது. அதைப் பின்பற்றிச் சென்று எழுதுவதால்தான் மூல அணி மாறுகிறது. உள்ளீட்டைப் படித்து மாறியில் வைக்கும் ஸ்கேன்எஃப் செயற்கூற்றின் அழைப்பில் மாறியின் பெயருக்கு முன் முகவரிக் குறியை இடுவதும் இதே காரணத்தால்தான்.

சொற்கள் தொடரில் பொருந்துகின்றனவா என்றும் பார்த்தேன். 'ஏற்புமாறிப் பட்டியல்', 'இடுமதிப்பின் வகை' ஆகியவை தடையின்றி வருகின்றன. திரையில் அச்சிடும் பிரின்ட்எஃப் செயற்கூற்றைப் பற்றி எழுதும்போது இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும்: அதில் பெயருள்ள ஏற்புமாறி ஒன்றுதான், எதை எப்படி அச்சிட வேண்டும் என்று சொல்லும் வடிவச் சரம்; இடுமதிப்புகளோ அந்தச் சரம் கேட்கும் அளவுக்கு எத்தனை வேண்டுமானாலும் வரலாம்.