சாக்லேட் பட்டறை வேலையைப் புத்தகமாக எழுதுவது: அனுபவப் பகிர்வு

பட்டறைக்காரர், அண்ணா நகர்:

எழுத உட்காரும் முன் பேட்ச் நோட்டைக் கையில் எடுங்கள். அன்றைக்கு அறையின் சூடு எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, எத்தனை கிலோ உருக்கியது, எது வெளுத்தது என்று ஒரு வருஷக் குறிப்பு இருந்தால் பாதிப் புத்தகம் கையில் இருக்கிறது. நினைவை மட்டும் நம்பினால் தீபாவளி ஆர்டரும் ரிப்பன் கட்டிய டப்பாவும்தான் பக்கங்களை நிரப்பும். இந்தத் தொழில் ஓடுவது தெர்மாமீட்டரில்.

டெம்பரிங், அதாவது சாக்லேட்டை உருக்கி, ஆற்றி, திரும்பச் சூடாக்கிப் பதப்படுத்துவது பற்றிய அத்தியாயத்தில் எண்ணோடு காரணத்தையும் எழுதுங்கள். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27-28க்கு இறக்கி, திரும்ப 31-32க்கு ஏற்றுகிறோம். மில்க் என்றால் கடைசிச் சூடு 29-30. சாக்லேட்டில் உள்ள கொழுப்பான கோகோ பட்டர் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பும் ‘டக்’கென்று உடையும் தன்மையும் தரும். அது இறுகும்போது கொஞ்சம் சுருங்குவதால்தான் அச்சிலிருந்து தானாகக் கழன்று வருகிறது. இதை ஒரு பத்தியில் விளக்கிவிட்டால், பின்னால் வரும் கோளாறுகள் எல்லாம் வாசகருக்குத் தாமே புரியும்.

அடுத்து வெள்ளை பூப்பது, அதாவது சாக்லேட்டின் மேல் வெள்ளையாகப் படிவது. சென்னைக்காரர் எழுதும் புத்தகத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயமே வேண்டும். கொழுப்பு மேலே வந்து பூத்திருந்தால் விரலால் தேய்த்ததும் சூட்டில் மறையும். சர்க்கரை பூத்திருந்தால் சொரசொரவென்று இருக்கும், தேய்த்தாலும் போகாது. இரண்டாவதுதான் நம் ஊர் நோய். 18 டிகிரி ஏசி அறையிலிருந்தோ ஃபிரிட்ஜிலிருந்தோ எடுத்த டப்பாவைக் கடற்காற்றில் உடனே திறந்தால் மேலே நீர் கோத்துச் சர்க்கரை கரையும். காய்ந்த பிறகு படிகமாக நிற்கும். மூடி ஒட்டியபடியே வைத்து, வெளிச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். கத்திரி வெயிலில் டெலிவரி எப்படி நடக்கிறது என்பதையும் விடாதீர்கள்: தெர்மோகோல் பெட்டி, சாக்லேட்டைத் தொடாதபடி ஜெல் பேக், காலை எட்டு மணிக்குள் வண்டி. சாக்லேட் சுமார் 34 டிகிரியில் இளகிவிடும். மே மாத மதியத்தில் அதற்கு இடமே இல்லை.

கோகோ கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்பவர், மயிலாப்பூர்:

அண்ணா நகர்க்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராக விளையும் கோகோவைப் பற்றி எழுதாமல் தமிழில் சாக்லேட் புத்தகம் முழுமையாகாது. ஐந்தாறு நாள் புளிக்கவைத்த பிறகுதான் அந்தக் கொட்டையில் சாக்லேட் மணத்துக்கான அடித்தளமே உருவாகிறது. சரியாகப் புளிக்காததை வறுவல் காப்பாற்றாது. ஒரு கொட்டையை நீளவாக்கில் வெட்டிப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள்: உள்ளே பழுப்பாகப் பிளவு பிளவாக இருந்தால் நல்லது, சிலேட் நிறத்தில் கெட்டியாக இருந்தால் புளிக்கவில்லை.

கோகோவை அரைக்கும் கல் இயந்திரமான மெலாஞ்சர் பற்றி எழுதும்போது நம் வெட் கிரைண்டரைச் சொல்லியாக வேண்டும். உலகத்தில் பல சிறு பட்டறைகளில் ஓடும் இயந்திரம் அதன் மாற்று வடிவம்தான். ஆனால் மாவு ஆட்டும் மோட்டார் அரை மணி நேர வேலைக்கானது. சாக்லேட்டுக்கு ஒரு நாள், இரண்டு நாள் நிற்காமல் ஓட வேண்டும். டிரம்மை முதலில் சூடாக்கி, நிப்ஸை (வறுத்து, தோல் நீக்கி உடைத்த கோகோ கொட்டைத் துண்டுகளை) கைப்பிடி கைப்பிடியாகப் போடாவிட்டால் கல் நின்றுவிடும். கருப்பட்டி சேர்ப்பவர்கள் அதைப் பொடித்து 50 டிகிரியில் உலர்த்தாமல் போட்டால் ஈரம் ஏறி மொத்தமும் களியாகிவிடும். இந்த மாதிரி விஷயம் வேறு மொழிப் புத்தகத்தில் அநேகமாகக் கிடைக்காது, அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

கனாஷ், அதாவது சாக்லேட்டும் கிரீமும் சேர்ந்த கலவைக்கு அளவு எல்லாம் கிராமில் எழுதுங்கள். கிரீமின் கொழுப்பு சதவீதத்தைச் சொல்லாத அளவால் பயனில்லை. 35 சதவீதக் கிரீமுக்குச் சொன்ன அளவில் 25 சதவீதப் பாக்கெட் கிரீம் ஊற்றினால் தண்ணீர் கூடி, இளகி, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். வேலை பார்த்த இடத்து ரெசிபியை அச்சில் போடுவதாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கூட வேலை செய்தவர்களின் பெயருக்கும் அப்படித்தான்.

அச்சு வேலை பார்ப்பவர், திருவல்லிக்கேணி:

தொழில் நூல் என்றால் பக்கங்களைப் பாரக் கணக்கில் திட்டமிடுங்கள்; 16 பக்கம் ஒரு பாரம். வெள்ளை பூத்த சாக்லேட்டின் படத்தை நேச்சுரல் ஷேட் தாளில் போடாதீர்கள். அந்த மஞ்சளில் வெள்ளை தெரியவே தெரியாது. கலர்ப் படங்களை மட்டும் ஆர்ட் பேப்பரில் தனியாகச் சேர்க்கலாம்.

நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை நீங்களே இலவசமாக விண்ணப்பித்து வாங்கலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடுபவர் நூலின் பிரதியைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். ஜனவரிப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவர நினைத்தால் மெய்ப்புத் திருத்தம் நவம்பருக்குள் முடிய வேண்டும். டிசம்பரில் எந்த அச்சகத்திலும் இடம் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. டிகிரிக் குறியை மேலே சின்ன வட்டமாகப் போடாதீர்கள். எழுத்துரு மாற்றும்போது அது பூஜ்ஜியமாகிவிடும். 32 டிகிரி, 320 என்று அச்சாகும். ‘டிகிரி’ என்றே முழுசாக எழுதுங்கள், மெய்ப்பில் எண்களை மட்டும் தனியாக ஒரு முறை படியுங்கள்.