16710-ஆ, 16570-ஆ? அரை மணி நேரம்தான் என் சிக்கல்

செவ்வாய்ப்பேட்டைக்காரன் கேட்டது:

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். கடிகாரம் சேர்ப்பது பதினைந்து ஆண்டுப் பைத்தியம். பெட்டியில் ஆறு இருக்கின்றன; அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதாவும் அதில் ஒன்று. ஏழாவது குழியைப் பயணக் கடிகாரத்துக்கென்று காலியாக விட்டிருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை துபாய், ஒரு முறை ஹாங்காங் போய் வருகிறேன். மகள் லண்டனில் படிக்கிறாள்.

இரண்டு பழைய ரோலெக்ஸ் கண்ணில் பட்டிருக்கின்றன. சென்னையில் இருப்பது ஜி.எம்.டி. மாஸ்டர் 2, மாடல் எண் 16710, கண்ணாடியைச் சுற்றி 24 மணி எண்கள் போட்ட, நீலமும் சிவப்புமான சுழலும் வளையம். டயலின் அடியில் ‘ஸ்விஸ்’ என்ற சொல்லுக்கு அருகே ‘டி’ என்ற எழுத்து இருக்கிறது; அதாவது இருட்டில் ஒளிர டிரிடியம் பூசிய காலத்தது. பெங்களூரில் இருப்பது எக்ஸ்ப்ளோரர் 2, எண் 16570, வெள்ளை டயல், 2002-இல் விற்றதற்கான அட்டையுடன். இரண்டும் 40 மி.மீ. உள்ளே ஓடுவதும் ஒரே 3185 இயந்திரம்தான். இரண்டிலும் மணி முள்ளை மட்டும் ஒவ்வொரு மணியாகத் தாவ விடலாம், ஊர் நேரம் காட்டும் 24 மணி முள் தன் போக்கில் ஓடும். அப்படியானால் ஜி.எம்.டி.க்கு நான் கூடுதலாகக் கொடுக்கப்போகும் பணம் சுழலும் வளையத்துக்கும் பெயருக்கும் மட்டுமே. அந்தக் கூடுதல் என் பட்டறையின் ஒரு மாதக் கூலி.

தாவும் முள்ளைக் கண்டுபிடித்தவர்கள் நம்மை நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், ஹாங்காங் இரண்டரை மணி நேரம் முன்னால். விமானம் இறங்கியதும் முள்ளைத் தாவ விட்டாலும் அரை மணி மிச்சம் நிற்கிறது. அதைச் சரிசெய்யக் கடிகாரத்தை நிறுத்தி நிமிட முள்ளையும் திருப்ப வேண்டும். அதற்குச் சாதாரணக் கடிகாரமே போதுமே! கொழும்புக்குப் போனால் மட்டும் தொல்லை இல்லை, அங்கே நம் நேரமேதான்.

இன்னொன்று. சென்னைக் கடிகாரத்தை நேரில் பார்த்தேன். பட்டறையில் நுண்வேலை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் போயிருந்தேன். செயின் மாட்டும் காதுகளில் விளிம்பு இல்லை; சோப்புக்கட்டி போல உருண்டிருக்கிறது. கொலுசுக்கு அளவு மீறி மெருகு ஏற்றினால் பூவேலை மழுங்குமே, அதே கதை. கடைக்காரர் “புதுசு மாதிரி மின்னுகிறது பாருங்கள்” என்றார். மின்னுவதுதான் எனக்குப் பயம். செயினைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். வாழைநார் போலத் தொங்கியது. பெங்களூர்க் கடிகாரத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். விளிம்பு கூராகத் தெரிகிறது, ஆனால் படத்தை நம்பி ஒரு முறை ஏமாந்தவன் நான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் வாங்கியதன் டயல் மறுபடி வண்ணம் அடித்தது என்று பிறகுதான் தெரிந்தது.

எதை எடுப்பது?

கணக்குப்பிள்ளை:

அந்தப் பணத்துக்கு வெள்ளிக் கட்டி வாங்கி வையுங்கள் என்று சொல்ல வந்தேன், கொலுசுக்காரரிடம் போய் அதை எப்படிச் சொல்வது! ரசீது மட்டும் சரியாக வாங்குங்கள். விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் விற்பவர் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும், 2025 ஏப்ரல் 22 முதல் கைக்கடிகாரத்துக்கும் உண்டு. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். துபாய்க்குக் கட்டிக்கொண்டு போவதானால் ரசீதின் நகலை உடன் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அங்கே வாங்கியதா என்று சுங்கத்தில் கேட்டால் பதில் வேண்டும்.

நாகலூர் காப்பி:

அண்ணா, ஏற்காட்டில் எங்களுக்குக் காப்பித் தோட்டம். எட்டு ஆண்டுகளாக 16570 கட்டுகிறேன், அதே வெள்ளை டயல். குகைக்குள் போகிறவர்களுக்குப் பகலா இரவா என்று தெரிய வேண்டும் என்று 1971-இல் வந்த வம்சம் அது. இங்கே மழைக்காலத்தில் மதியம் மூன்று மணியும் அதிகாலை போலத்தான் இருக்கும், அதனால் எனக்குப் பொருத்தம். மூடுபனியில் கறுப்பு டயலை விட இது சட்டென்று தெரிகிறது.

பழைய கடிகாரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களைத்தான். 100 மீட்டர் ஆழம் தாங்கும் என்று டயலில் எழுதியிருப்பது புதிதாக வந்த நாளைய கதை. நான் இதைச் சேலத்து வெயிலில் வாங்கி, அப்படியே கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறினேன். மேலே வந்ததும் கண்ணாடியின் உட்பக்கம் மெல்லிய ஆவி படிந்தது. வளையங்களை மாற்றிய பிறகு வரவில்லை. கடையிலேயே பார்க்க வேண்டுமானால், கையில் கட்டிச் சூடேறிய கடிகாரத்தின் கண்ணாடி மீது ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் வைத்துத் துடையுங்கள். உள்ளே ஆவி தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் அக்ரஹாரத்துப் பழையவர்:

தம்பி, நாற்பது ஆண்டு கடிகாரம் பழுது பார்த்தவன் சொல்கிறேன். கூடுதல் பணம் வளையத்துக்கும் பெயருக்கும் மட்டுமே என்று குறைத்து எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. உங்கள் அரை மணி நேரச் சிக்கலுக்கு மருந்தே அந்த வளையம்தான். 24 மணி முள்ளைச் சேலம் நேரத்திலேயே வையுங்கள். வளையத்தை வலப்பக்கமாக ஐந்தரை மணி அளவு திருப்புங்கள். இரவு பத்துக்கு அந்த முள் வளையத்தில் பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே நிற்கும். லண்டனில் மாலை நாலரை. 16710-இன் வளையம் இரண்டு எண்களுக்கு இடையிலும் நிற்கும். எஃகில் 2007-இல் வந்த பீங்கான் வளைய மாடலில் மணிக்கு ஒரு சொடுக்குதான், அதில் இந்த வேலை நடக்காது. எக்ஸ்ப்ளோரரில் வளையம் அசையாது, அரை மணியை நீங்களே மனத்தில் கூட்ட வேண்டும்.

ஆனால் சென்னைக் கடிகாரத்தில் இன்னும் மூன்று இடம் பாருங்கள். வளையத்தின் நீல-சிவப்புத் தகடு பிறவியிலேயே வந்ததா என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. இந்த மாடல் கறுப்பு, கறுப்பு-சிவப்பு, நீலம்-சிவப்பு என மூன்று வகையில் வந்தது, தகட்டை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. டிரிடியம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். இந்நேரம் இருட்டில் செத்திருக்க வேண்டும், பளிச்சென்று எரிந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். செயினைக் கழற்றச் சொல்லி, பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண்ணும் ஆறு மணிப் பக்கம் வரிசை எண்ணும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எக்ஸ்ப்ளோரரில் வளையத்தின் எண்கள் எஃகிலேயே செதுக்கிக் கறுப்பு நிரப்பியவை. அதிகம் தேய்த்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. லண்டன் நேரத்துக்குக் காசே வேண்டாம். எண்களை மறந்து முட்களை மட்டும் பார்த்து, அப்பாவின் ஜனதாவைத் தலைகீழாகப் பிடியுங்கள். நம் பத்து மணி அங்கே நாலரையாகத் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் வளையத்தைப் பற்றிச் சொன்னதும் இரண்டு நாள் ஜி.எம்.டி. பக்கமே சாய்ந்துவிட்டேன். மறுபடி சென்னைக்குப் போய்க் கடையின் விளக்கை அணைக்கச் சொன்னேன். டயலின் புள்ளிகள் செத்துக் கிடந்தன, முட்கள் மட்டும் பச்சையாக எரிந்தன. முள்ளை மாற்றியது குற்றம் இல்லை, கேட்டபோது “எல்லாம் பிறவியிலேயே வந்த முள்” என்று சொன்னதுதான் குற்றம்.

பெங்களூருக்கு நேற்று போனேன். சொட்டு நீர் வைத்தேன், ஆவி வரவில்லை. வளையத்தின் எண்கள் ஆழமாக, ஓரம் உடையாமல் இருக்கின்றன. காதுகளில் விரல் நகத்தை வைத்தால் தடுக்கிறது. செயினில் கொஞ்சம் தொங்கல் உண்டு, அதைச் சொல்லி விலை குறைத்துக்கொண்டேன். எக்ஸ்ப்ளோரரையே எடுத்துவிட்டேன். அரை மணியை நானே கூட்டிக்கொள்கிறேன், பட்டறையில் நாள் முழுவதும் மில்லிகிராம் கூட்டுகிறவன்தானே.

இரவு பத்துக்கு மகள் அழைத்தாள். பெரியவரின் வித்தையைக் காட்டலாம் என்று ஜனதாவைத் தலைகீழாகப் பிடித்து, “உனக்கு இப்போது நாலரை” என்றேன். “ஐந்தரை அப்பா, இங்கே இன்னும் கோடை நேரம்” என்றாள். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஜனதாவை நேராகவே பிடித்துக்கொள்கிறேன்.