லுக்லாவில் இறங்கும்போது பாறையில் மோதல், மேலே ஏறினால் எஞ்சின் இருமல்: ஜாய்ஸ்டிக் போய்விட்டதா?

கத்துக்குட்டி:
வணக்கம். மூன்று வாரமாகக் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் மலை ஓடுபாதைகளில் இறங்கிப் பழகுகிறேன். நேபாளத்தின் லுக்லா மட்டும் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறது. செஸ்னா 172 என்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானம், தெளிவான வானம், காற்றே இல்லை, வெப்பநிலை 15 டிகிரி. பதினோரு முறை முயன்றேன். எட்டு முறை ஓடுபாதை தொடங்குவதற்குச் சற்றுக் கீழே பாறையில் மோதினேன். மீதி மூன்று முறை இது சரிப்படாது என்று மேலே ஏறப் பார்த்தேன். த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டும் பிடி) முழுசாகத் தள்ளினாலும் எஞ்சின் இருமுகிறதே தவிர, 2,000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) தாண்டவில்லை. தாழ்வான விமான நிலையங்களில் இந்தத் தொல்லையே கிடையாது. போன வாரம்தான் உதவி அமைப்புகளை எல்லாம் அணைத்தேன். ஜாய்ஸ்டிக்கில் கோளாறா? புதிது வாங்குவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வால்காற்று:
முதலில் ஜாய்ஸ்டிக்கின் அளவைச் சரிபார்த்து மறுபடி கேலிப்ரேட் செய்து பாருங்கள். எனக்கு ஒருமுறை த்ராட்டில் 80 சதவீதத்தோடு நின்றுவிட்டது. உள்ளே தூசிதான்.

கத்துக்குட்டி:
செய்துவிட்டேன். காக்பிட்டில் பார்த்தால் த்ராட்டில் முழுசாக உள்ளே போகிறது. எஞ்சின்தான் கேட்கவில்லை.

சாய்தளம்:
தம்பி, பர்ஸை உள்ளே வையுங்கள். ஜாய்ஸ்டிக் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே கேள்வி: இறங்கும் முன் செக்லிஸ்ட் பார்ப்பீர்களா?

கத்துக்குட்டி:
வரி தவறாமல், அண்ணா. ஃபிளாப் (இறக்கையின் பின்மடல்), விளக்கு, மிக்ஸ்சர் ரிச் (காற்றோடு கலக்கும் எரிபொருளை அதிகபட்சமாக வைப்பது), எல்லாம். மிக்ஸ்சருக்கான சிவப்புக் குமிழை முழுக்க உள்ளே தள்ளிவிட்டுத்தான் இறங்குவேன்.

சாய்தளம்:
அதுதான் வினை. அந்த வரி தாழ்வான ஓடுபாதைகளுக்குப் பொருந்தும். லுக்லா 9,334 அடியில் இருக்கிறது. அந்த உயரத்துக்கான சராசரி வெப்பம் சுமார் மைனஸ் 4 டிகிரி, நீங்கள் 15 வைத்திருக்கிறீர்கள். அதனால் எஞ்சினைப் பொறுத்தவரை நீங்கள் கிட்டத்தட்ட 11,500 அடியில் பறக்கிறீர்கள். காற்று மெலிந்துவிட்டது, எரிபொருளோ கடல்மட்ட அளவில் கொட்டுகிறது. த்ராட்டில் குறைவாக இருக்கும்வரை இது அவ்வளவாகத் தெரியாது, முழுசாகத் தள்ளும்போதுதான் இருமும். இதுவரை தானியங்கி மிக்ஸ்சர் உங்களுக்குத் தெரியாமலே இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. போன வாரம் அதையும் சேர்த்து அணைத்துவிட்டீர்கள்.

பள்ளத்தாக்கில் நுழைவதற்கு முன்பே, நேராகப் பறக்கும்போது, த்ராட்டிலை முழுசாகக் கொடுத்துச் சிவப்புக் குமிழை மெல்ல வெளியே இழுங்கள். ஆர்பிஎம் ஏறும், ஒரு இடத்தில் நின்று இறங்கத் தொடங்கும். அங்கிருந்து ஒரு மயிரிழை உள்ளே தள்ளி விட்டுவிடுங்கள். தரையைத் தொடும்வரை அதைத் தொடாதீர்கள்.

அதற்காக மேலே ஏறிவிடலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். மிக்ஸ்சர் சரியாக இருந்தாலும் கடல்மட்டத்துச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். ஓடுபாதை முடிகிற இடத்தில் மலை நிற்கிறது. நிஜத்தில் அங்கே போவது டுவின் ஆட்டர், டோர்னியர் 228 மாதிரி டர்போபிராப்கள் (டர்பைன் எஞ்சினால் ப்ரொப்பெல்லர் சுழலும் விமானங்கள்). அவையே கடைசிக் கட்டத்தில் திரும்பி ஏறுவதில்லை. இறங்குவதா வேண்டாமா என்று திரும்ப இடம் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

குருவிக்கூடு:
எஞ்சின் கதை சரி. ஆனால் எட்டு முறை பாறையில் மோதியதற்கு மிக்ஸ்சர் காரணமில்லையே. கடைசிக் கட்டத்தில் என்ன வேகம், எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகிறீர்கள்?

கத்துக்குட்டி:
65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தில் வந்தால் தரை ரொம்ப வேகமாக ஓடுகிற மாதிரி இருக்கிறது, அதனால் 55க்குக் குறைத்துவிடுவேன். எப்போதும் உயரமாக வருவதாகவே தோன்றுகிறது. மூக்கைத் தாழ்த்தினால் நிமிடத்துக்கு 700 அடி வரை போகிறது.

குருவிக்கூடு:
இரண்டுமே கண்கட்டு வித்தை. மெலிந்த காற்றில் வேகமானியின் முள் 65 காட்டும்போது உண்மையில் சுமார் 77 நாட் வேகத்தில் போகிறீர்கள். தரை வேகமாக ஓடத்தான் செய்யும். முள்ளை நம்பி 65லேயே வாருங்கள்.

அடுத்தது சரிவு. லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், அதில் சரிவு 11.7 சதவீதம். கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் 60 மீட்டர் வித்தியாசம். கோணத்தில் சொன்னால் 6.7 டிகிரி. நீங்கள் ஒழுங்காக 3 டிகிரி கோணத்தில் இறங்கி வந்தாலும் கண்ணுக்கு அது 10 டிகிரி போலத் தெரியும். உயரமாக இருக்கிறோம் என்று பயந்து மூக்கைத் தாழ்த்தினால் எதிரே பாறைதான்.

நான் செய்தது இது. விமானத்தை ஓடுபாதையின் கீழ்முனையில் கொண்டுபோய் நிறுத்தி, ஆல்டிமீட்டர் (உயரமானி) காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டேன். இரண்டு நாட்டிகல் மைல் (சுமார் 3.7 கி.மீ.) தள்ளி வரும்போது அந்த எண்ணைவிட 640 அடி மேலே இருக்க வேண்டும், இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 400 அடி. ஜன்னலில் என்ன தெரிந்தாலும் இந்த இரண்டையும் விடவில்லை.

கடைசியில் த்ராட்டிலை முன்கூட்டியே மூடிவிடாதீர்கள். சமதளத்தில் 3 டிகிரி நிமிர்த்தினால் போதும், இங்கே 10 டிகிரி நிமிர வேண்டும். சரிவோடு சேர்ந்து ஏறுவது போல மூக்கைத் தூக்கி, சக்கரம் தொட்ட பிறகுதான் மூட வேண்டும்.

வால்காற்று:
தூசி என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கத்துக்குட்டி:
மூன்றாவது முயற்சியில் இறங்கிவிட்டேன்! மிக்ஸ்சரைச் சரிசெய்ததும் எஞ்சின் 2,000த்தைத் தாண்டி ஒரே சீராக ஓடியது. 640 அடி என்று எண் சொல்லும்போதும் மனசு 'உயரம், உயரம்' என்றே கத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். சந்தோஷத்தில் பாதி ஓடுபாதையிலேயே நின்று, படம் எடுக்கலாம் என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். விமானம் மெதுவாகப் பின்பக்கமாக உருளத் தொடங்கியது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் வால் முதலில் போய்ப் பள்ளத்தில் விழுந்துவிட்டது.

சாய்தளம்:
அய்யோ! அந்தச் சரிவில் நடுவில் நிற்கவே கூடாது தம்பி. தொட்டதும் வேகம் தானாகக் குறையும். அப்போது கொஞ்சம் த்ராட்டில் கொடுத்து மேலே உள்ள சமதளம் வரை ஏறிவிட்டு, அங்கே திரும்பி பார்க்கிங் பிரேக் போடுங்கள். கிளம்பும்போது அதே சரிவில் கீழ்நோக்கி ஓடினால் போதும்.

கத்துக்குட்டி:
சரி அண்ணா. பார்க்கிங் பிரேக்குக்கு ஜாய்ஸ்டிக்கில் பட்டனே ஒதுக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ஒதுக்கிவிட்டு மறுபடி போகிறேன்.