குறள் 655: ‘இரங்குவ’ என்றால் இரக்கமா, வருத்தமா?

செம்பருத்தி:
“எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல்
மற்றன்ன செய்யாமை நன்று.”
‘இரங்குவ’ என்பதற்கு ‘இரக்கப்படுபவை’ என்று மகள் நோட்டில் எழுதியிருக்கிறாள். தப்பு என்றேன். அப்புறம் எனக்கே குழப்பம். இரண்டாம் அடி எதைச் செய்ய வேண்டாம் என்கிறது?

கீழவாசல்:
இரக்கம் இல்லை அம்மா. அடுத்தவர் துன்பம் என்றால் ‘ஏழைக்கு இரங்கினான்’ என்று ‘கு’ வரும். இங்கே வருவது ‘எற்றென்று’. ‘ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்’ என்று தன்னையே நொந்துகொள்வது. இரண்டாம் அடிக்குப் பரிமேலழகர் உரைதான் சரி: செய்துவிட்டால், பிறகு உட்கார்ந்து வருந்தாதே. இந்தக் குறள் வரும் ‘வினைத்தூய்மை’ அதிகாரம் அமைச்சனுக்குச் சொன்னது. புலம்பிக்கொண்டிருக்கும் அமைச்சனால் யாருக்கு என்ன பயன்?

தாழைமடல்:
முதல் பாதி சரி, இரண்டாவதை ஏற்க மாட்டேன். ‘இரங்குவ’ வினையாலணையும் பெயர். வருந்த வைக்கும் செயல்களைக் குறிக்கிறது. ‘அன்ன’ என்றால் அவை போன்றவை. அதாவது அதே மாதிரிச் செயல்கள். உரையாசிரியர்கள் மணக்குடவரும் மு.வ.வும் ‘மறுபடி அப்படிச் செய்யாதே’ என்றுதான் பொருள் கொண்டார்கள். வருத்தத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல் எதுவும் குறளில் இல்லையே சார், ‘அன்ன’ எதைப் போய்ப் பிடிக்கும்?

கீழவாசல்:
‘செய்யற்க’ என்று முதலிலேயே சொல்லியாயிற்று. ஏழே சீரில் அதையே வள்ளுவர் திரும்பச் சொல்வாரா?

தாழைமடல்:
ஒருமுறை தவறியவனுக்கு அதைத் திரும்பத்தான் சொல்ல வேண்டும். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று வாசல் வேம்பை வெட்டினேன். அந்த மே மாதம் வாசல் சிமெண்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. தினமும் மர நிழலில் உட்கார்ந்து பூ கட்டும் பாட்டி வேறு தெருவுக்குப் போய்விட்டார். ‘என்ன காரியம் செய்துவிட்டேன்’ என்று அன்று வாய்விட்டே சொன்னேன். போன வருடம் தண்ணீர்த் தொட்டிக்காகக் கொல்லை மாமரத்தை வெட்ட ஆள் வந்தபோது, திருப்பி அனுப்பிவிட்டேன். வருந்தாமல் இருந்திருந்தால் அந்த மரமும் போயிருக்கும். வருத்தத்தை விடு என்று வள்ளுவர் சொல்லியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கீழவாசல்:
நீங்கள் மாமரத்தைக் காப்பாற்றியதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அதைச் செய்தது முடிவு, புலம்பல் இல்லை. பரிமேலழகர் வேண்டாம் என்றது அந்தப் புலம்பலைத்தான். ‘அன்ன’ பற்றி நீங்கள் கேட்டதற்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.

செம்பருத்தி:
நோட்டில் ‘பின்னால் வருந்த வைக்கும் செயல்கள்’ என்று திருத்தியாயிற்று. இரண்டாம் அடிக்கு இரண்டு உரையையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அவள் மணக்குடவர் பக்கம்.